மூன்றடுக்கு உரத்தொட்டி: மாடி வீட்டில் ஒன்று, அக்கா வீட்டில் ஒன்று

சமையலறைக் குப்பையை வீட்டிலேயே உரமாக்கும் மூன்றடுக்குத் தொட்டி இது. இரண்டு வாங்கினேன். ஒன்று நாங்கள் இருக்கும் நான்காவது மாடி வீட்டின் பால்கனிக்கு, இன்னொன்று கிராமத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு. இரண்டிலும் அதே பெட்டி, அதே கையேடு. ஆனால் இரண்டு வீட்டிலும் நடந்தது வேறு வேறு. அதனால் இந்த விமர்சனம் கொஞ்சம் நீளும். வாங்கலாமா வேண்டாமா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு: மண் இல்லாத வீடு, இரண்டு மூன்று பேர் என்றால் தாராளமாக வாங்குங்கள். கொல்லைப்புறமும் ஆடு கோழியும் இருக்கிற வீடு என்றால் காசை மிச்சம் பிடியுங்கள்.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இதே வார்ப்பில் ஸ்டிக்கரை மட்டும் மாற்றிப் பலர் விற்கிறார்கள். நான் சொல்லும் குறைகள் வடிவத்தின் குறைகள், அநேகமாக எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும் மூன்று கூடைகள், அவற்றின் அடியில் துளைகள். எல்லாவற்றுக்கும் கீழே வடிநீர் சேர ஒரு கிண்ணம், அதில் சின்னக் குழாய். மேலே மூடி. கூடவே தென்னை நார்த்தூள் கட்டி ஒன்று, நுண்ணுயிர்ப் பொடி ஒரு பொட்டலம், கைக்கரண்டி, "மக்கும் பை" ஒரு கட்டு. மேல் கூடையில் ஒரு கை தோல் போட்டால் ஒரு கை காய்ந்த பொருள் போட வேண்டும். நிரம்பினால் அது கீழே இறங்கும், காலியான கூடை மேலே வரும். வேலை அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் நல்ல தடிமன். வெயிலில் கிடந்தும் வெளுக்கவில்லை, வெடிக்கவில்லை. கூடைகள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்துகின்றன. இந்த இரண்டுக்கும் முழு மதிப்பெண்.

குழாய்தான் மோசம். குழாயின் வாய் கிண்ணத்தின் அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் இருக்கிறது. அந்த ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் தேங்கியே நிற்கும். காற்றில்லாமல் தேங்கிய தண்ணீர் அழுகிய முட்டை நாற்றம் அடிக்காமல் வேறென்ன செய்யும்? தொட்டியே நாறுகிறது என்று நினைத்துப் பலர் தூக்கிப் போடுவது இதனால்தான். பின் கால்களுக்கு அடியில் உடைந்த டைல்ஸ் துண்டு இரண்டு வைத்துத் தொட்டியை முன்பக்கம் சாய்த்தேன். தண்ணீர் முழுக்க வடிந்தது, நாற்றமும் போனது. வார்ப்பு செய்தவருக்கு இது தோன்றாதது ஆச்சரியம். குழாயின் உட்பக்கம் நார் வந்து அடைத்துக்கொள்ளும், அதற்குப் பழைய கொசுவலைத் துண்டு போதும்.

மூடியும் அளவுக்கு மீறி இறுக்கம். மூடியின் உட்புறம் ஆவி முத்து முத்தாகப் படிந்து திரும்ப உள்ளேயே சொட்டுகிறது. மேலே ஒரு செய்தித்தாளை விரித்துவிட்டு மூடினால் அது உறிஞ்சிக்கொள்ளும், பிறகு அந்தத் தாளையே கிழித்து உள்ளே போட்டுவிடலாம்.

கையேட்டில் "முப்பதே நாளில் உரம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. முப்பது நாளில் கிடைப்பது உரம் அல்ல, பாதி மக்கிய கறுப்புக் கூழ். அதை எடுத்து மூட்டையில் கட்டி இன்னும் ஒன்றிரண்டு மாதம் ஆற விட வேண்டும். ஆறாமல் செடிக்குப் போட்டால் வேர் கருகும். "நான்கு பேர் உள்ள வீட்டுக்குப் போதும்" என்பதும் நம்ப முடியாத கணக்கு. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகம் முழுக்க வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. தோல், எலும்பு எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ. நான்கு பேர் என்றால் நாளுக்கு முக்கால் கிலோவைத் தாண்டிவிடும். அதனோடு காய்ந்த பொருளும் சேர வேண்டும். முதல் கூடை மக்குவதற்குள் மூன்றாவது நிரம்பிவிடும். நாங்கள் மூன்று பேர், எங்களுக்கே விருந்தாளி வந்தால் இடம் பத்தவில்லை.

நுண்ணுயிர்ப் பொடி தீர்ந்ததும் மறுபடி வாங்கச் சொல்லிக் குறுஞ்செய்தி வந்துகொண்டே இருக்கும். வாங்காதீர்கள். காய்த் தோலிலேயே வேண்டிய அளவு நுண்ணுயிர் ஒட்டிக்கொண்டு வருகிறது. போன முறை எடுத்த உரத்தில் ஒரு கைப்பிடி போட்டால் போதும். பொடி போட்டும் போடாமலும் ஓட்டிப் பார்த்தேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

உண்மையில் முக்கியமானது கரிமத்துக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் என்பது நல்ல தொடக்கம். பச்சைத் தோலில் நைட்ரஜன் அதிகம், காய்ந்த இலை, அட்டை, நார்த்தூள் இவற்றில் கரிமம் அதிகம். மூக்கே சொல்லிவிடும்: கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடி வந்தால் பச்சை அதிகம், காய்ந்ததைச் சேருங்கள். அழுகிய முட்டை என்றால் ஈரம் அதிகம், கிளறுங்கள். எறும்பு குடியேறினால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். இந்த மூன்று வரி கையேட்டில் இல்லை, அதற்குப் பதில் பூமியைக் காப்பாற்றுவது பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது.

நார்த்தூள் கட்டி தீர்ந்தபோது ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. எங்கள் குடியிருப்பு வாசலில் நான்கைந்து பெரிய மரங்கள். துப்புரவு செய்யும் அண்ணன் தினமும் காலையில் இலையைப் பெருக்கி, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி, வண்டியில் ஏற்றுகிறார். அதே நேரம் மாடியில் இருக்கும் நாங்கள், எங்கிருந்தோ லாரியில் வரும் நார்த்தூளை இணையத்தில் சொல்லி வாங்குகிறோம். "ஒரு சாக்கு இலை எனக்கு வச்சுடுங்கண்ணே" என்று சொன்னேன். "எடுத்துக்கங்கம்மா, எனக்கு ஒரு நடை மிச்சம்" என்றார். அன்றோடு நார்த்தூள் செலவு தீர்ந்தது.

அப்புறம் அந்த "மக்கும் பை". இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இதை நம்பித்தான் நிம்மதியாக இருக்கிறார்கள். பையோடேயே குப்பையைப் போடலாம் என்று கையேடு சொன்னது, போட்டேன். தோல் எல்லாம் காணாமல் போன பிறகும் பை அப்படியே, அச்சடித்த பச்சை இலைப் படம் உட்பட, உள்ளே கிடந்தது. பொய் சொல்லி விற்கிறார்கள் என்று சொல்லவும் முடியாது. இந்த மாதிரிப் பைகள் பெரும்பாலும் பெரிய உரக்கூடங்களை நினைத்துச் செய்யப்படுபவை. அங்கே குவியல் 58 டிகிரி அளவுக்குச் சூடாக இருக்கும், அந்தச் சூட்டில்தான் அவற்றைச் சோதிக்கிறார்கள். வீட்டுத் தொட்டியில் மக்கும் பைக்குத் தனித் தரச்சான்று உண்டு, அதில் "வீட்டு உரத்துக்கு" என்று குறிப்பிட்டே இருக்கும். பெட்டியில் வந்ததில் அது இல்லை. குவியல் சூடேற வேண்டுமென்றால் ஏறக்குறைய ஒரு கன மீட்டர் அளவு வேண்டும். நம் கூடையின் சூடு பக்கவாட்டிலேயே போய்விடும். உள்ளே கை விட்டால் இளஞ்சூடு, அவ்வளவுதான்.

பழ ஈ வரும். பெரும்பாலும் அது தோலோடு முட்டையாக உள்ளே போகிறது. ஒவ்வொரு முறையும் மேலே காய்ந்த இலையை மூடாக்காகப் போட்டால் அடங்கிவிடும். பழுப்பு நிறத்தில் தடித்த புழு வந்தால் அலறாதீர்கள். அது கறுப்புப் படைவீரன் ஈயின் புழு, குப்பையை நம்மைவிட வேகமாகத் தின்று தீர்க்கும். வளர்ந்த ஈ வீட்டுச் சாப்பாட்டைத் தேடி வராது.

இனி அக்கா வீட்டுத் தொட்டி.

பெட்டியைப் பிரித்ததும் அக்கா கேட்டது, "குப்பையைப் போடுறதுக்குக் காசு குடுத்து டப்பா வாங்குனியாடி?" மாமா குழாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். கோழிக்குத் தண்ணீர் வைக்க நன்றாக இருக்கும் என்பது அவர் கருத்து. சரி, வைத்துப் பார்ப்போம் என்று சமையலறைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த முறை போனபோது மேல் கூடையின் அடியில் முட்டை ஓடும் தேயிலைத் தூளும் மட்டும்தான் கிடந்தன. அக்கா சோம்பேறி அல்ல. போடுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. ஒரு நாள் காலை முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காய் நறுக்கிய தோல் முறத்தில் இருக்கும்போதே ஆடு கத்த ஆரம்பிக்கிறது. மிஞ்சிய சாப்பாடு நாய்க்கு. நாய் வேண்டாம் என்று விட்டது கோழிக்கு. பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கு. அடுப்புச் சாம்பலும் ஆட்டுப் புழுக்கையும் சாணமும் கொல்லைக் குப்பைமேட்டுக்கு. ஐ.நா. அறிக்கையும் இதைத் தொட்டுச் செல்கிறது: நடுத்தர வருமான நாடுகளில் நகரத்தைவிடக் கிராமத்தில் உணவு வீணாவது பொதுவாகக் குறைவு. மிச்சம் மீதி வீட்டு விலங்குகளுக்கும் கால்நடைக்கும் வீட்டு உரத்துக்கும் போய்விடுவது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறது.

அக்காவின் குப்பைமேட்டில் ஒரு கடப்பாரை செருகியே இருக்கும். உருவித் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். நுனியைப் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை, அந்தச் சூடு. என் தொட்டியால் எட்ட முடியாத 55, 60 டிகிரி அங்கே எந்தப் பொட்டலமும் இல்லாமல் வருகிறது. 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்த ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவார்ட், செடித் தழை, சாணம், மண் என்று அடுக்கி உரம் செய்யும் முறையை வகுத்தார். உலகம் முழுக்க அது "இந்தூர் முறை" என்று அந்த ஊர்ப்பெயரோடு பரவியது. விவசாயிகளைத் தன் ஆசிரியர்கள் என்றே சொன்னவர் அவர். என் பெட்டியின் மேல் "நவீன அடுக்குத் தொழில்நுட்பம்" என்று போட்டிருக்கிறது.

இதைச் சொன்னதும் "பார்த்தீங்களா, கிராமத்து வாழ்க்கைதான் இயற்கை" என்று யாராவது வருவார்கள். அவர்களுக்காக இரண்டு விஷயம். அக்காவின் குப்பைமேடு திறந்தவெளியில், கிணற்றுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. மழை பெய்தால் சாறு முழுக்க இறங்குகிறது. அதில் உள்ள நைட்ரேட் மண்ணில் நிற்காது, தண்ணீரோடு கீழே போய்விடும். மேலே ஓலையோ தார்ப்பாயோ போட்டு, மேட்டைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னேன். "தாத்தா காலத்துலேருந்து அங்கதான் கெடக்கு" என்பதோடு பேச்சு முடிந்தது.

இரண்டாவதுதான் பெரியது. சாயங்காலம் அக்கா கொல்லைக்கடைசியில் தீ மூட்டுகிறாள். ஷாம்பு பாக்கெட், பிஸ்கட் உறை, பால் கவர், மருந்து அட்டை, பேத்தியின் டயப்பர். பேத்தி பக்கத்திலேயே விளையாடுகிறாள். இருமல் வந்ததும் நான் சத்தம் போட்டேன். அக்கா கோபப்படவில்லை, சாதாரணமாகக் கேட்டாள்: "உன் வீட்டு வாசல்ல வண்டி வருது. எனக்கு யார் வரா? சேர்த்து வச்சா மாடு தின்னுது, விட்டா காத்துல பறந்து வாய்க்கால்ல விழுது. நீயே சொல்லு, என்ன பண்றது?"

பதில் என்னிடம் இல்லை. லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் நேச்சர் இதழில் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். 2020-இல் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் சுற்றுச்சூழலில் கலந்த பிளாஸ்டிக் 5.2 கோடி டன். அதில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 3 கோடி டன், இப்படித் திறந்த தீயில் எரிக்கப்பட்டது. குப்பை எடுக்க ஆளே வராத நிலையில் வாழ்பவர்கள் உலகில் 120 கோடி பேர். அக்கா அந்தக் கணக்குக்குள் இருக்கிறாள். அவளுடைய தாத்தா காலத்துக் குப்பை முழுக்க மக்கியது. கடை அவளிடம் கொண்டுவந்து சேர்த்த குப்பை மக்காது. அதைத் திரும்ப எடுத்துப் போகும் வண்டியை மட்டும் யாரும் அனுப்பவில்லை. நான் அவளுக்கு வாங்கிக் கொடுத்த தொட்டியோ அவளிடம் இல்லாத பிரச்சினைக்கானது.

நகரத்தில் எங்கள் கதை நேர் எதிர். எங்கள் ஈரக்குப்பைக்குப் போக இடமில்லை. குப்பைமேட்டில் காற்றுப் படாமல் புதைந்து மீத்தேனாகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. அதனால் மாடி வீட்டில் இந்தத் தொட்டிக்கு உண்மையாகவே வேலை இருக்கிறது. அந்த வேலையைச் செய்கிறது என்பதால்தான் குழாயையும் மூடியையும் திட்டிக்கொண்டே நான் இதை வைத்திருக்கிறேன். ஆனால் உரம் வந்த பிறகு எங்கே போடுவது? பால்கனியில் இருப்பது ஐந்து தொட்டிச் செடி. உரம் குவிய ஆரம்பித்ததும் மூட்டை கட்டி அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்று மிளகாய்ப் பாத்தியில் கொட்டினாள். அவள் வாயிலிருந்து வந்ததால் அது பெரிய பாராட்டு.

வரும்போது காரில் இடம் காலி. கழுவிக் காயவைத்த பால் கவரையும் பாட்டிலையும் ஒரு சாக்கில் போட்டுத் தரச் சொன்னேன். பழைய பொருள் வாங்கும் கடைக்காரர் பாட்டிலையும் பால் கவரையும் எடுத்துக்கொண்டார். ஷாம்பு பாக்கெட்டையும் பிஸ்கட் உறையையும் கையாலேயே தள்ளிவிட்டார். அலுமினியமும் இரண்டு மூன்று வகை பிளாஸ்டிக்கும் ஒன்றாக ஒட்டியது அது, எளிதில் பிரிக்க முடியாது, அதனால் பொதுவாக யாரும் விலைக்கு எடுக்க மாட்டார்கள். எங்கள் குடியிருப்பில் அதே உறையை நாங்கள் "உலர் குப்பை" வாளியில் போட்டுவிட்டு, மறுசுழற்சிக்குப் போகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அக்கா தீயில் போடுவது அவள் கண்முன்னே புகைகிறது. நாங்கள் வாளியில் போடுவது வேறு யாரோ ஒருவரின் வீட்டருகே குவிகிறது.

இப்போது அக்கா எரிப்பதில் பாட்டிலும் கவரும் இல்லை. டயப்பரும் பாக்கெட்டும் இன்னும் எரிகின்றன. ஷாம்புவைப் பெரிய பாட்டிலாக வாங்கச் சொன்னதற்கு, "மொத்தமா குடுக்கக் காசு இருந்தா வாங்க மாட்டேனா?" என்றாள். அதுவும் நியாயம்தான்.

அவளிடம் கொடுத்த தொட்டியின் இரண்டு கூடைகளில் இப்போது விதை வெங்காயம் இருக்கிறது. அடியில் துளை இருப்பதால் காற்றோட்டம் நன்றாக இருக்கிறதாம். கிண்ணமும் குழாயும் மாமா சொன்னபடியே கோழிக்கூண்டுக்குப் போய்விட்டன. மீதி ஒரு கூடையை நான் எடுத்து வந்து என் தொட்டியில் நான்காவது அடுக்காக்கினேன். மேலே சொன்ன இடப் பற்றாக்குறை அதோடு தீர்ந்தது.

இந்தத் தளத்தில் ஒரு பொருளுக்கு ஒரு முறைதான் நட்சத்திரம் போட முடிகிறது. மாடி வீட்டை வைத்து மூன்றரை போட்டிருக்கிறேன். குழாயை அடிமட்டத்துக்கு இறக்கினால் நான்கரை. வாங்குவதற்கு முன் விற்பனையாளரிடம் இரண்டைக் கேளுங்கள்: கூடை தனியாகக் கிடைக்குமா, குழாயும் வாஷரும் தனியாகக் கிடைக்குமா. கிடைக்காது என்றால் வேறு ஆளிடம் போங்கள். மக்கும் பைக்கும் பொடிக்கும் சேர்த்துப் போடும் சலுகைப் பெட்டி வேண்டாம், தொட்டி மட்டும் போதும். காய்ந்த இலைக்கு உங்கள் வாசலைப் பெருக்குபவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.